வாசலில் நின்ற வாள்

அமலராணி அந்த ஊருக்கு அரசாங்க மருத்துவச்சியாக வந்தது 1957இல். திண்டுக்கல்லில் பிறந்து வளர்ந்தவள். பயிற்சி முடித்த கையோடு, நத்தம் சாலையில் புளியந்தோப்புகளுக்கு நடுவே இருந்த அந்த ஊரில் போட்டுவிட்டார்கள். வந்த புதிதிலேயே இரண்டு பச்சைக்குழந்தைகள் அவள் கண்ணெதிரே போயின. நன்றாகப் பால் குடித்துக்கொண்டிருந்தவை ஒரு வாரத்துக்குள் தாடை இறுகி, தொட்டாலே வில்லாய் வளைந்து விறைத்தன. ஊரார் அதை ஜன்னி என்றார்கள். அந்தப் பிரசவங்களுக்கு அவளை யாரும் கூப்பிடவில்லை. ஊர்க் கிழவி கண்ணம்மாளின் வாளைத்தான் கூப்பிட்டிருந்தார்கள்.

கண்ணம்மாள் வீட்டுச் சாமி அறையில் சிவப்புத் துணி சுற்றிக் கிடந்த வாள் அது. பித்தளைப் பிடி, அலகெங்கும் துரு. எந்த வீட்டில் வலி எடுத்தாலும் கண்ணம்மாள் அதைத் தூக்கிக்கொண்டு போவாள். கட்டிலுக்கடியில் அது கிடந்தால் காத்து கருப்பு அண்டாது. அந்த வாளாலேயே தொப்புள்கொடியை அறுத்தால் பிள்ளைக்கு ஆயுசு கெட்டி. சுற்றுப்பட்டு ஊர்களெல்லாம் இதை நம்பின. எங்கிருந்து வந்த வாள் என்று கேட்டால் மட்டும் ஆளுக்கொரு கதை. மலைக்கோட்டைச் சண்டையில் சிப்பாய் ஒருவன் போட்டுவிட்டு ஓடியது என்றார்கள். கிணறு வெட்டும்போது தானாக மேலெழும்பியது என்றும் சொன்னார்கள்.

அந்தத் துருவில் ஒட்டிய கிருமிதான் குழந்தைகளைக் கொல்கிறது என்று அமலராணிக்குத் தெரியும். அதைச் சொன்னால் ஒரு வீட்டிலும் அவளை உள்ளே விடமாட்டார்கள். சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. அடுத்த மாதம் பிள்ளை பெற இருந்தவள் மாயம்மாள். தலைப்பிள்ளையை ஜன்னிக்குக் கொடுத்தவள்.

"போன தடவ வாளு வர நேரமாயிருச்சு நர்சம்மா. அதான் புள்ள தங்கல. இந்தத் தடவ மொதல்லயே வந்துரணும்," என்றாள் அவள்.

மறுநாள் அமலராணி கண்ணம்மாள் வீட்டுக்குப் போய், வாளை ஒரு தடவை வெந்நீரில் போட்டு எடுக்கலாமா என்று கேட்டாள்.

"சாமிய அவிக்கச் சொல்றியா தாயி?" என்றாள் கண்ணம்மாள். கோபம் இல்லை, பயந்த குரல்.

அமலராணி எழுந்து போகாமல் உட்கார்ந்தே இருந்தாள். பிறகு, "இது எப்படி உங்க வீட்டுக்கு வந்துச்சு ஆத்தா?" என்று கேட்டாள்.

"எங்க பாட்டனுக்குப் பாட்டி காலத்துல. கொள்ளைக்காரங்க ஊருக்குள்ள வந்துட்டாங்க. உள்ள மக வலியில கெடக்கா. இவ இத எடுத்துக்கிட்டு வாசல்ல நின்னா. வந்தவன் ஒருத்தனும் படி ஏறல. ஒரு வெட்டு விழல. பாத்ததும் திரும்பிட்டானுக."

"அப்பக் கொடிய எதால அறுத்தாங்க?"

கண்ணம்மாள் யோசித்தாள். "அவதான் வாசல்ல நின்னாளே. உள்ள இருந்தவுக எதாலயோ அறுத்திருப்பாக."

"அப்ப இது வாசல்ல நிக்கிற வாளு ஆத்தா. உள்ள இருக்குற வேலைய எங்கிட்ட விடுங்க."

கண்ணம்மாள் துணியைச் சுற்றி வாளை உள்ளே கொண்டுபோய் வைத்தாள்.

மாயம்மாளுக்கு வலி எடுத்தது ஒரு நண்பகலில். அமலராணி போய்ச் சேர்ந்து, கத்தரிக்கோலைக் கொதிக்கவைத்தாள். கண்ணம்மாள் வாளோடு வந்துவிட்டாள் என்று வெளியே பேச்சு கேட்டது. அவள் என்ன செய்யப் போகிறாள் என்பது தெரியவில்லை. குழந்தை பிறந்து அழுதது. மாயம்மாள் தலையைத் தூக்கினாள்.

"வாளு எங்க? வாள எடுத்துட்டு வாங்க."

அமலராணியின் கை அப்படியே நின்றது. வாசலிலிருந்து கண்ணம்மாளின் குரல் வந்தது.

"வாளு இங்க இருக்கு. இது இங்கதான் இருக்கணும். நீ அறு தாயி."

அதற்குப் பிறகுதான் அமலராணியின் தூக்கம் போனது. இந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆனால் வாளை விலக்கியதுதான் காரணம் என்பார்கள். பழி கண்ணம்மாள் மேலும் விழும். ஏதாவது சாக்குச் சொல்லித் தினமும் போய், விரலைச் சுத்தமாகக் கழுவிக் குழந்தையின் வாயில் வைத்துச் சப்புகிறதா என்று பார்த்தாள். ஒரு காலையில் குழந்தை பால் குடிக்கவில்லை என்றார்கள். தாடையைத் தொட்டாள், இறுக்கமில்லை. மூக்குதான் சளியால் அடைத்திருந்தது. துடைத்துவிட்டதும் குடித்தது. அடுப்படிப் பக்கம் போய்ச் சுவரில் சாய்ந்து நின்றாள்.

வாசலில் நிறுத்தினால் வாளுக்குப் பலம் கூடுகிறது என்று ஊர் பேசிக்கொண்டது. அமலராணி மறுக்கவில்லை. அதன்பின் வலி எடுத்த வீடுகளுக்கு இருவரையும் சேர்த்தே அழைத்தார்கள். பிறக்கும் ஒவ்வொரு குழந்தையையும் முதல் வாரம் முடியும்வரை அமலராணி தினமும் போய்த் தொட்டுப் பார்த்தாள்.

சில வருடங்கள் கழித்து ஒரு குழந்தை தங்கவில்லை. குறைமாதம், உயிர் ஒரு பொழுதுகூட நிற்கவில்லை. அமலராணி வெளியே வந்தபோது கண்ணம்மாள் வாளை மடியில் கிடத்தி வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"நான் எங்கயாச்சும் அசந்துட்டேனா தாயி?"

"இல்ல ஆத்தா. இது வாசல் வழியா வந்தது இல்ல."

அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. அமலராணி அவளைக் கைப்பிடித்து எழுப்பினாள். வீடு வரைக்கும் வாளை அன்று அமலராணிதான் சுமந்தாள்.