அடுத்த வீட்டுக்குப் போன குளிர்

பழைய வீடுகளில் ஓட்டை தேடி அடைப்பதுதான் என் பிழைப்பு.

செங்கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டிய வீட்டில் ஏ.சி. மாட்டிவிட்டு, அது நாளெல்லாம் ஓடியும் வேர்க்கிறதே என்று புலம்புகிறவரா நீங்கள்? உங்களுக்கு என் அனுதாபங்கள். புதுச்சேரியின் பழைய வீடுகள் காற்று வந்து போகட்டும் என்று கட்டியவை. கதவுக்கு மேலே ஒரு திறப்பு, உத்தரத்துக்கு உத்தரம் ஒரு சந்து. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய குளிர் அதன் வழியாகத்தான் ஊர் சுற்றப் போகிறது. அதைத் தடுக்கிற கோஷ்டி நானும் அரியாங்குப்பம் கொத்தனார் இருசப்பனும்.

ஊதுபத்தி

ஓட்டை தேட எங்களிடம் பெரிய இயந்திரம் எல்லாம் கிடையாது. ஜன்னல், கதவை மூடிவிட்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திச் சுவர் ஓரமாக நடப்பேன். புகை எங்கே வளைகிறதோ அங்கே ஓட்டை. இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது என்று மார்க்கெட் பக்கத்து வீடு ஒன்றில்தான் கற்றுக்கொண்டேன்.

அந்த வீட்டு அம்மா, நான் பத்தியைக் கொளுத்தியதும் செருப்பைக் கழற்றிவிட்டார். அறை அறையாகக் கைகூப்பிக்கொண்டு என் பின்னாலேயே வந்தார். மூலைக்கு மூலை நான் நின்றபோதெல்லாம் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கடைசியில் குளியலறைக் கதவிடுக்கில் பத்தியைப் பிடித்தபோதுதான் அவருக்குச் சந்தேகம் வந்தது. மெதுவாகக் கேட்டார்: "இங்க எந்த சாமிம்மா இருக்குது?"

நடுச்சுவர்

சிரிப்பு அத்தோடு சரி. முதலியார்பேட்டையில் சுந்தரம் ஐயா என்று ஒருவர், மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரும் தம்பியும் சண்டை போட்டு, அப்பா கட்டிய வீட்டைப் பத்திரம் பதிகிற நொத்தேர் முன்னால் எழுதி வைத்து அண்ணன் பாதி, தம்பி பாதி எனப் பிரித்துக்கொண்டார்கள். கூடத்தின் நடுவே ஒரு சுவர் எழும்பியது. ஒற்றைச் செங்கல் சுவர், பத்துப் பேர் சாய்ந்தால் என்ன ஆகுமோ என்று பயப்படும்படி மெலிசாக இருந்தது. சண்டை தீரும் முன்பே தம்பி இறந்துபோனார். அந்தப் பாதியில் தம்பி மனைவி அம்சா தனியாக இருக்கிறார். ஐயா அந்த வாசலை மிதிப்பதில்லை. தன் மனைவி வேதவல்லி அம்மாவும் மிதிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். அவரும் மிதிப்பதில்லை.

பிரான்சில் இருக்கும் மகன் கூடத்துக்கு ஏ.சி. வாங்கிக் கொடுத்திருந்தான். கூடம் குளிரவே இல்லை. நான் பத்தியைக் கொளுத்தி நடந்தேன். நடுச்சுவர் ஓரம் வந்ததும் புகை விறுவிறுவென்று மேலே ஏறியது. சுவரை எழுப்பியவர்கள் உத்தரத்தின் அடிவரை கட்டிவிட்டு, உத்தரங்களுக்கு இடையே இருந்த சந்துகளை அப்படியே விட்டிருந்தார்கள். புகை அந்தச் சந்து வழியாக அம்சா வீட்டுக்குப் போனது. அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த ஐயாவின் முகம் மாறிவிட்டது. "என் புள்ளை வாங்கிக் குடுத்த குளிரு அந்த வூட்டுக்குப் போவுதா? ஒரு சந்து வுடாம அடைச்சிடும்மா."

கடைசிச் சந்து

பழைய சுவருக்கு சிமெண்ட் ஒத்துக்கொள்ளாது. சுண்ணாம்புக் கலவையும் செங்கல் துண்டும் வைத்து இருசப்பன் ஒவ்வொரு சந்தாக அடைத்துக்கொண்டு வந்தார். சாயங்காலம் ஐயா டீக்கடைக்குப் போனார். அவர் செருப்புச் சத்தம் தெருமுனை தாண்டியிருக்காது, மேலே அடைக்காத சந்து வழியாக ஒரு குரல் வந்தது. "அக்கா, இருக்கியா? இன்னிக்கு என்னா மீனு?" கீழே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த வேதவல்லி அம்மா தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "சங்கரா மீனுடி. முள்ளுதான் ஜாஸ்தி" என்றார். பிறகு புளி, முட்டிவலி, தெருவில் யாரோ வாங்கிய வண்டி என்று பேச்சு போனது.

ஏணிமேல் இருசப்பன் கரண்டியோடு நின்றுவிட்டார். மீதி இருந்தது அந்த ஒரு சந்துதான். என்னைப் பார்த்தார். நான் வேதவல்லி அம்மாவைப் பார்த்தேன். அவர் உரித்த வெங்காயத்தைத் தட்டில் போட்டுவிட்டுச் சொன்னார்: "அடைச்சிடுப்பா. அவரு வந்தா அண்ணாந்து பாப்பாரு."

போன்

மழைக்காலம் முடிந்து, கலவை விரிசல் விட்டிருக்கிறதா என்று பார்க்கப் போனேன். ஒரு விரிசல் இல்லை. ஐயா போர்வை போர்த்திக்கொண்டு டி.வி. பார்த்தார். இந்தத் தெருவிலேயே தன் கூடம்தான் ஊட்டி என்று சொல்லிக்கொண்டார். வேலை இவ்வளவு சுத்தமாக அமைந்தால் எனக்குத் தலைகால் புரியாது. அன்றைக்கு அந்தச் சந்தோஷம் வரவில்லை.

காபி டம்ளரை வாங்கிக்கொள்ள அடுப்படிக்குப் போனபோது வேதவல்லி அம்மாவிடம் தணிந்த குரலில் கேட்டேன், அம்சா அம்மாவிடம் போன் இருக்குமே, ஐயா இல்லாத நேரத்தில் கூப்பிடலாமே என்று. நீங்களும் அதைத்தான் கேட்டிருப்பீர்கள். ஒரு தடவை கூப்பிட்டாராம். சௌக்கியமா, சௌக்கியம் என்று கேட்டுவிட்டு இரண்டு பேருமே வைத்துவிட்டார்களாம். "போனுன்னா ஒரு விஷயம் வேணும்லம்மா. நாங்க விஷயமே இல்லாம பேசிக்கிட்டு இருந்தவங்க."

அந்தப் பக்கம்

வெளியே வந்து வண்டியை எடுக்கும்போது பக்கத்து வாசலில் இருந்து அம்சா அம்மா கை காட்டிக் கூப்பிட்டார். திட்டத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன், திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராகவும் இருந்தேன். அவர் என்னை உள்ளே அழைத்துப்போய் நடுச்சுவர்மேல் என் உள்ளங்கையை எடுத்து வைத்தார். சில்லென்று இருந்தது. சந்தை அடைத்துவிட்டோம், ஆனால் மெலிந்த சுவர் தன் பாட்டுக்குக் குளிரைக் கடத்திக்கொண்டிருந்தது. ஐயா ஏ.சி.யைப் பதினெட்டில் வைத்தால் இந்தப் பக்கமும் கொஞ்சம் குளிரத்தான் செய்யும். அம்சா அம்மா அந்தச் சுவரை ஒட்டியே பாயை விரித்திருந்தார்.

வாய் சும்மா இருக்கவில்லை. இதற்கும் வழி இருக்கிறது, ஐயா பக்கத்துச் சுவரில் தெர்மகோல் பலகை அடித்துவிட்டால் குளிர் தாண்டாது என்று ஆரம்பித்துவிட்டேன். அவர் பாயில் உட்கார்ந்து முதுகைச் சுவரோடு சாய்த்துக்கொண்டார். "பெரியவருகிட்ட சொல்லிடாதம்மா, இதையும் அடைக்கச் சொல்லுவாரு. குளிரு நல்லாத்தான் வருது. அக்கா குரலுதான் வரல."

குளிரை நிறுத்தச் சொன்ன வீட்டில் பேச்சை நிறுத்திவிட்டு, அதற்கு ஐந்து வருட உத்தரவாதம் வேறு கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.