சிவப்புப் பூஜ்யம்

நேற்று பேரனும் அவன் கூட்டாளிகளும் கூடத்தில் பகடை உருட்டிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று ஒரே கூச்சல். "இருபது! கிரிட்டிகல்! ஸ்மைட்டும் சேர்த்து டபுள்!" குடித்துக்கொண்டிருந்த காப்பியைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தேன். "தாத்தா, உங்களுக்கு இதெல்லாம் புரியாது" என்றான் பேரன். புரியாதாம்! அவன் அப்பன் பிறக்கும் முன்பே அரக்கர்களுக்கு உயிர்க்கணக்குப் போட்டவனாக்கும் நான்.

எழுபதுகளின் கடைசி. மாட்டுப்பட்டிக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் ஆபீஸ் கிளார்க்காக இருந்தேன். சீமையில் படித்த சின்னத் துரை, அதாவது உதவி மேனேஜர் ஒருவர் வேலையை விட்டுப் போகும்போது, அரக்கர்களோடு சண்டை போடுகிற ஒரு கற்பனை ஆட்டத்தின் விதிப் புத்தகத்தையும் இருபது முகப் பகடையையும் என்னிடம் தள்ளிவிட்டுப் போனார். என் அரைகுறை இங்கிலீஷுக்குப் பாதி புரிந்தது. மீதியை நானே அடித்துவிட்டேன். ஞாயிறு மத்தியானங்களில் வெளியே மழை பிடித்துக்கொள்ளும், என் குவார்ட்டர்ஸில் நாலு பேர் கூடுவோம். நான்தான் ஆட்டத்தை நடத்துபவன். அரக்கன் எங்கே நிற்கிறான், எத்தனை அடி தாங்குவான் என்பதெல்லாம் என் பொறுப்பு. தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் என்னோடு வளர்ந்து ஃபாக்டரியில் வேலை பார்த்த செல்வம், ஆட்டத்தில் சாமிக்கு நேர்ந்துகொண்ட வீரன்.

அந்த வீரனுக்கு மட்டும் 'சாமியடி' உண்டு. பேரன் கத்திய 'ஸ்மைட்' அதுதான். ஒரு ஆட்டத்துக்கு ஒரே தடவை. பகடையை எறியும் முன் சாமி பேரைச் சொல்ல வேண்டும். வெட்டுப் பட்டால் சாமியின் கோபமும் சேர்ந்து இறங்கும், படாவிட்டால் வீண். இருபது விழுந்தால் எல்லாமே இரட்டிப்பு. புத்தகத்துச் சீமைச் சாமி எங்களுக்கு ஒட்டவில்லை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து மலையேறி வந்த சனம் நாங்கள், சுடலைமாடனையே கூப்பிட்டோம். விளையாட்டுக்குக் கூப்பிடுகிற சாமியா அது?

பகடையில் பூஜ்யம் முதல் ஒன்பது வரை இரண்டு வரிசை. ஒரு வரிசைக்கு ஆபீஸ் சிவப்பு மையைத் தடவி, சிவப்பு விழுந்தால் பத்து கூட்டிக்கொள்வோம். சாதாப் பூஜ்யம் பத்து, சிவப்புப் பூஜ்யம் இருபது. அந்த மை வாசனை இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை.

ஒரு வாரம் எங்கள் சூப்பர்வைசர், மாசமாக இருந்த செல்வத்தின் தங்கையைக் கொட்டுகிற மழையில் மேட்டுக் காட்டுக்குக் கொழுந்து கிள்ள அனுப்பினார். வழுக்கி விழுந்தாள், பிள்ளை தங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் அரக்கனுக்கு அந்த ஆளின் பெயரையே வைத்தேன். பெரிய புத்திசாலி என்று நினைப்பு எனக்கு.

செல்வம் கண்ணை மூடிக்கொண்டான். "மாடா, மண்டையிலயே போடு" என்று எறிந்தான். பகடை கட்டிலுக்கடியில் உருண்டது. குனிந்து பார்த்தவன் நான் ஒருவன்தான். பூஜ்யம். பொட்டுச் சிவப்பு இல்லை. வெறும் பத்துக்கு வெட்டே படாது. அவன் முகத்தைப் பார்த்தேன், மனசு கேட்கவில்லை. "செவப்புலே! இருபது!" என்று கத்திவிட்டேன். அவன் தேம்பித் தேம்பி அழுதான்.

மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் மஸ்டரில் சேதி வந்தது. சூப்பர்வைசர் பாசிப் படியில் வழுக்கி, மண்டை உடைந்து இறந்துபோனார்.

செல்வம் ஓடிவந்து என் சட்டையைப் பிடித்தான். "நெசமாவே செவப்புத்தானாலே? சரியாப் பாத்தியா?" மற்ற இருவரும் பக்கத்தில் நின்றார்கள். கள்ள ஆட்டக்காரன் என்று பேர் வந்துவிடுமே! "செவப்புதாம்லே" என்றேன். பாவி நான்.

அன்றோடு ஆட்டம் நின்றது. செல்வம் செருப்பைக் கழற்றி எறிந்தான். அட்டை கடிக்கும் காட்டில் வெறுங்காலோடு நடந்தான். ஞாயிறுதோறும் செத்துப்போன சூப்பர்வைசர் வீட்டுக்குப் போய் விறகு பிளந்து கொடுத்தான். "தங்கமான புள்ள" என்று அவர் சம்சாரம் என்னிடம் சொல்லும்போதெல்லாம் பேச்சை மாற்றிவிடுவேன். நாளைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்றே இருந்தேன். அதற்குள் வேறு எஸ்டேட்டுக்கு மாற்றல் வந்துவிட்டது.

பல வருஷம் கழித்துப் போனேன். லயம் இருந்த இடத்தில் ரிசார்ட். ஃபாக்டரிச் சங்கு ஊதுவதில்லை. செல்வம் இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அவன் பெண்சாதி என்னை உட்காரவைத்துப் பேசினாள்.

"சாகுற வரைக்கும் செருப்பே போடலண்ணே. ஏன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டாரு. உங்களுக்குத் தெரியுமாண்ணே?"

"ஏதோ வேண்டுதலா இருக்கும்மா" என்றேன்.