எலும்பு கூடிப்போன ராஜகுமாரி

குடிக்காமல் கல்லீரல் எப்படிக் கெடும் என்று கேட்கிறாளே எதிர்வீட்டு மைதிலி, அவளுக்குத்தான் இந்தப் பதில். ராஜகுமாரி குடித்ததே இல்லை. சேக்காட்டில் அவள் வீட்டுச் சுவர்தான் என் வீட்டுச் சுவர், எனக்குத் தெரியாதா? ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவள், ஸ்டாண்டில் ஆம்பிளைகளோடு நின்று குடிப்பது டீ. வெறும் டீ!

மகள் பிறந்தபோது ரத்தம் நிறையப் போய், யாரோ கொடுத்த ரத்தம் ஏற்றினார்கள். அதில் கிருமி வந்திருக்கலாம் என்றார் டாக்டர். அந்தக் காலத்தில் இதற்கெல்லாம் சோதனை இல்லையாம். இத்தனை வருஷம் சத்தமில்லாமல் கல்லீரலில் குடியிருந்துவிட்டு, போன வருஷம் காலில் வேலையைக் காட்டியது. முழங்காலுக்குக் கீழே அப்படி ஒரு குடைச்சல். பிரேக்கை மிதித்தால் கண்ணில் தண்ணீர். ஆட்டோ வாசலோடு நின்றுவிட்டது.

"வித்துரலாம்மே, துரு புடிச்சிகினு நிக்குது" என்றான் அவள் புருஷன் கிருபாகரன்.

"என்னியும் சேத்து வித்துடு."

அந்த வண்டிதான் அவளுக்கு உயிர்.

எலும்பு தேய்ந்துவிட்டது என்று நாங்களாகவே முடிவு கட்டி, தெருவே ஆட்டுக்கால் சூப் அனுப்பியது. நானும்தான். பெரிய டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கூட நான்தான் போயிருந்தேன்.

"எலும்பு தேயலம்மா. தேவைக்கு மேல கெட்டியாயிடுச்சு. அந்தக் கிருமியால வர்றது, ரொம்ப அபூர்வம்."

"அப்போ சூப்பு?" என்றாள் ராஜகுமாரி.

"எதுக்கு சூப்பு?"

"தெருவே ஊத்துது சார். நிறுத்தச் சொல்லி எழுதிக் குடுங்க."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார்.

தொட்டால் கிருமி ஒட்டிக்கொள்ளாது என்றும் அவரே சொன்னார். அப்படியும் மைதிலி தள்ளி நின்றாள். அவள் பார்க்கட்டும் என்றே ராஜகுமாரி குடித்த டம்ளரில் மீதிக் காபியை நான் குடித்தேன்.

மூன்று மாத மாத்திரையில் ரத்தத்தில் கிருமி இல்லை என்று வந்தது. வலி மட்டும் மெதுவாகத்தான் இறங்கியது. சுவரைப் பிடித்து நடந்தாள், திட்டிக்கொண்டே நடந்தாள். கிருபாகரனுக்குப் பொறுமை இல்லை. பூந்தமல்லியிலிருந்து ஜானகிராமன் என்று ஒருவரை வண்டி பார்க்க வரவழைத்துவிட்டான்.

"ஒரே கை ஓட்டுன வண்டிண்ணே" என்று சீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். வீட்டுக் கதவு திறந்தது. புடவை மேல் காக்கிச் சட்டையோடு, எதையும் பிடிக்காமல் ராஜகுமாரி வெளியே வந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள்.

"வண்டி விக்கிறதுக்கு இல்ல நைனா. பூந்தமல்லிதானே? குந்து, உட்டுட்டு வரேன்."

ஜானகிராமன் ஏறினார். துடைத்த துணியோடு கிருபாகரனும் பின்னால் ஏறிக்கொண்டான்.