ரிலீவர் வந்த நேரம் 4.20

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் உங்கள் இஷ்டம். இது கட்டுக்கதை இல்லை. 2015 நவம்பர் 14, சனிக்கிழமை, நெய்வேலி டவுன்ஷிப்பில் பட்டப்பகலில் நடந்தது. எனக்கு இல்லை. எனக்கு மெஷின் ஓட்டக் கற்றுக்கொடுத்த இளவழகன் அண்ணனுக்கு. பொய் சொல்கிற ஆள் இல்லை அவர். மூக்குக்கு மேலே கோபம் வருகிற ஆள். அன்றைக்கும் அந்தக் கோபத்தில்தான் மாட்டிக்கொண்டார்.

சுரங்கத்தில் மண் வெட்டும் ராட்சத மெஷினுக்கு இளவழகன் ஆபரேட்டர். அவருக்கு அந்த வேலையைப் பழக்கிவிட்டவர் பன்னீர்செல்வம். பெரியவர் ரிட்டயர் ஆன பிறகு, அதே கம்பெனியில் வேலை பார்க்கும் மகள் நந்தினிக்குக் கொடுத்த குவார்ட்டர்ஸில், பதினாறாவது பிளாக்கில் இருந்தார். வியாழக்கிழமை சாயங்காலம் 6.10க்கு அவரிடமிருந்து போன்.

"சனிக்கிழமை வாடா இளவழகா. ரெண்டு நாள் சாப்ட்டு, தூங்கி, ரெஸ்ட் எடுத்துகினு போ. மழைன்னு நின்னுடாத."

அந்தக் கடைசி வார்த்தைதான் இளவழகனுக்குச் சுருக்கென்றது. காரணம் உண்டு. மெஷினில் ஒரே ஒரு சட்டம். ஷிஃப்ட் முடிந்தாலும், அடுத்து உட்கார வேண்டிய ரிலீவர் வந்து, "எடுத்துக்கிட்டேன்" என்று சொல்லி, நோட்டில் கையெழுத்துப் போடும்வரை இருக்கிற ஆள் சீட்டை விட்டு எழுந்திருக்கக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் மழையைச் சாக்கு வைத்து இளவழகன் வீட்டிலேயே இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார். பெரியவர் பதினாறு மணி நேரம் கேபினிலேயே உட்கார்ந்திருந்தார். மறுநாள் திட்டக்கூட இல்லை. "ரிலீவர் வராம எப்படிடா எழுந்திருக்கறது?" என்று மட்டும் கேட்டார். செருப்பால் அடித்திருந்தால்கூட இளவழகன் மறந்திருப்பார். இன்னொரு தடவை இந்த மனுஷனைக் காக்க வைக்கக் கூடாது என்று அன்றைக்கே மனதுக்குள் சத்தியம் செய்துகொண்டார்.

ஆனால் மழை விட்டால்தானே! இளவழகன் வீடு இருந்த குறிஞ்சிப்பாடியிலிருந்து நெய்வேலிக்கு எத்தனை தூரம்? 9 மணிக்கு வர வேண்டிய பஸ் 11.20க்கு வந்தது. வடலூர் தாண்டுவதற்குள் ஒரு புளியமரம் ரோட்டின் குறுக்கே சாய்ந்து கிடந்தது. அதை அறுத்து எடுக்கும்வரை மூன்று மணி நேரம் பஸ்ஸுக்குள் ஒழுகலில் உட்கார்ந்திருந்தார். போனில் டவர் இல்லை. பெரியவருக்கென்று வாங்கிய மிக்சர் பொட்டலம் ஊறிக் கூழாகிவிட்டது. "லீவு போட்டதே ரெஸ்டுக்கு. இது நாய் படாத பாடா இருக்கே!" என்று தலையில் அடித்துக்கொண்டார். குவார்ட்டர்ஸ் வாசலை மிதித்தபோது மணி 3.35.

கதவு வெறுமனே சாத்தியிருந்தது. தள்ளினார். கரண்ட் இல்லை. ஹாலில் ஒரு நாற்காலி. அதில், சுவரைப் பார்த்தபடி பெரியவர்.

"வந்துட்டியா."

"வந்துட்டேண்ணா. இந்த மழைல..."

"லேட்டு."

அவ்வளவுதான். வா, உட்கார், தலையைத் துவட்டு என்று ஒரு வார்த்தை இல்லை. இளவழகனுக்குச் சுர்ரென்று ஏறியது. அடக்கிக்கொண்டு, டீயாவது போடலாம் என்று சமையல்கட்டுக்குப் போனார். பால் திரிந்து நாற்றமடித்தது. சாம்பாரில் பூஞ்சை பூத்திருந்தது. இதற்கா இத்தனை தூரம் கூப்பிட்டார்?

"நந்தினி எங்கண்ணா?"

"வெளிய."

"சாப்ட்டீங்களா?"

சுவரில் தினசரி காலண்டர் செவ்வாய்க்கிழமையோடு நின்றிருந்தது. தீபாவளி நாள். அதற்கப்புறம் யாரும் தேதி கிழிக்கவில்லை.

மணி 4.05. அப்போதுதான் கவனித்தார். பெரியவரின் வலது கை, நாற்காலிக் கையின் மேல் மெல்ல முன்னால் போனது. பின்னால் வந்தது. முன்னால்... பின்னால்... லீவரைத் தள்ளுகிற மாதிரி.

க்ர்ர்ர்ர்...

மெல்லிய சத்தம். இளவழகனுக்கு நன்றாகத் தெரிந்த சத்தம். கன்வேயர் பெல்ட் ஓடுகிற சத்தம். மைன்ஸ் எங்கேயோ இருக்கிறது. இது நாற்காலிக்கு அடியிலிருந்து வந்தது.

"அண்ணா... எழுந்து வாங்க. கட்டில்ல படுங்க."

"ரிலீவர் வரல."

"ரிட்டயர் ஆகி ஆறு வருஷம் ஆச்சுண்ணா!"

"ரிலீவர் வரலடா."

பயம் ஒரு பக்கம். ஆனால் பசி, ஈரம், ஏமாற்றம் எல்லாம் சேர்ந்து கோபம்தான் முந்திக்கொண்டது.

"அதான் நான் வந்துட்டேன்ல! நான் எடுத்துக்கிட்டேன்! எழுந்திருங்க, போதும்!"

பெரியவர் முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தார்.

"கையெழுத்து போடு."

மடியில் ஒரு பழைய நோட்டு. படிக்காமல் கையெழுத்துப் போடாதே என்று இளவழகனுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். இளவழகன் படிக்கவில்லை. கிறுக்கினார். பக்கத்தில் பழக்கதோஷத்தில் நேரத்தையும் எழுதினார்.

4.20.

சத்தம் நின்றது.

பெரியவர் எழுந்தார். நீண்ட ஷிஃப்ட் முடித்த ஆள் எழுவதுபோல், இடுப்பைப் பிடித்துக்கொண்டு. "பாத்துக்கடா" என்றார். நேரே மழைக்குள் நடந்தார்.

"அண்ணா! குடை!"

கதவு மூடிக்கொண்டது. ஓடிப்போய் இழுத்தார். வரவில்லை. மறுபடி இழுத்தார்.

டக்... டக்...

வெளியே பூட்டு அடிக்கிற சத்தம்.

4.31. போன் அடித்தது. நந்தினி. அழுதுகொண்டிருந்தாள்.

"சித்தப்பா, காலைலேர்ந்து உங்களுக்கு அடிச்சிகினே இருக்கேன்... அப்பா இறந்துட்டாரு."

"என்னம்மா சொல்ற?"

"தீபாவளி அன்னிக்கு மயங்கி விழுந்தவரு. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரில நாலு நாளா கண்ணே திறக்கல. இன்னும் எப்படி மூச்சு ஓடுதுன்னு டாக்டருக்கே புரியல. நாலு இருபதுக்குத்தான்..."

இளவழகன் திரும்பி, காலி நாற்காலியையும் அதன் மேல் கிடந்த நோட்டையும் பார்த்தார்.

"நீங்க எங்க இருக்கீங்க?"

"உங்க வூட்ல."

"வூட்டப் பூட்டி, சாவி என் கையில இருக்கு சித்தப்பா."

சாவியோடு ஆள் வந்து சேர மூன்று மணி நேரம் ஆனது. அதுவரை அந்த நாற்காலிக்கு முதுகைக் காட்டாமல் சுவரோடு ஒண்டி நின்றார் இளவழகன். பெரியவரின் செல்போன் தலையணைக்கு அடியில், சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்தது.

காரியம் முடிந்து நந்தினி அந்த நோட்டைப் பார்த்தாள். மொத்தமே இரண்டு கையெழுத்து. கீழே இளவழகனுடையது. மேலே, 1998ஆம் வருஷத் தேதி போட்டு, அவள் அப்பாவுடையது. அந்தத் தேதி அவளுக்குத் தெரியும். அப்பாவுக்கு வேலை பழக்கிய குஞ்சிதபாதம் இறந்த நாள்.

இதை இத்தனை வருஷம் கழித்து ஏன் எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். இது 2019 டிசம்பர். திங்கட்கிழமை காலையில் இளவழகன் அண்ணன் மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறார். நேற்று வியாழக்கிழமை. சாயங்காலம் 6.10க்கு என் போன் அடித்தது.

"சனிக்கிழமை வூட்டுக்கு வாடா துரைராஜ். ரெண்டு நாள் ரெஸ்ட் எடுத்துகினு போ. மழைன்னு நின்னுடாத."

அவர் குரல். அலறியடித்துக்கொண்டு அண்ணிக்குப் போன் செய்தேன். கண் இன்னும் திறக்கவில்லை என்று அழுதார்.

போகவே கூடாது என்று என் மனைவி கமலா ஒற்றைக்காலில் நிற்கிறாள். எனக்கும் பயம்தான். அந்த நோட்டில் மூன்றாவது கையெழுத்துக்கு இடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். போட்டால் ஒருநாள் நானும் அப்படித்தான் உட்கார வேண்டும். ஆனால் நான் போகாவிட்டால் அந்த மனுஷன் எப்படி எழுந்திருப்பார்?

குடையை எடுத்து வாசலில் வைத்துவிட்டேன். வெளியே இப்போதே தூறல் விழுகிறது.