அம்மாவுக்கு ஒரு சாட்சி

நான் பிறந்து வளர்ந்தது தமிழ்நாட்டு அகதி முகாமில். அம்மா பிறந்தது கண்டிக்குப் பக்கத்தில், அம்பிட்டியவில். கலவர நேரத்தில், பதின்மூன்று வயதில், வீட்டாரோடு மன்னாருக்கு ஓடி அங்கிருந்து படகேறியவள். அப்பா இறந்த பிறகு, “ஊருக்கே போயிடுவோம்டி” என்று மனுக் கொடுத்தாள். அனுமதி கிடைத்தபோது எனக்கு இருபத்தெட்டு வயது. விமானத்தில் கொண்டுவந்த பையில் பாதிக்கு மேல் காகிதங்கள்தான்.

எங்களுக்கு முன்பே அம்பிட்டியவுக்குத் திரும்பியிருந்த மாமா வீட்டில் இறங்கிய மூன்றாம் நாளே கிராம சேவகரைப் பார்க்கப் போனோம். அடையாள அட்டைக்கு அவர் கையெழுத்து வேண்டும். வாசலில் என்னைக் கண்டதும், “பொட்டக் இன்ன” என்றார். எனக்குச் சிங்களம் ஒரு சொல்கூடத் தெரியாது. நெற்றிப் பொட்டைத்தான் ஏதோ சொல்கிறார் என்று அவசரமாக அதை உரித்து உள்ளங்கையில் மறைத்துக்கொண்டேன்.

அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “கொஞ்சம் இருன்னு சொல்றாருடி!”

பிறகு அவளே பேசினாள். இத்தனை வருஷம் பேசாத சிங்களம் மடமடவென்று வந்தது, ஆனால் அது பதின்மூன்று வயதுப் பிள்ளையின் சிங்களமாம், பிறகு அவளே சொன்னாள். ஐம்பது தாண்டியவள் விளையாட்டுப் பிள்ளை மாதிரிப் பேசியதைக் கேட்டு அந்த மனுஷனும் சிரித்துவிட்டார். ஆனாலும் கையெழுத்துப் போடவில்லை. அவர் சொன்னதை அம்மா எனக்குத் தமிழில் சொன்னாள்:

“பிறப்புச் சான்றிதழ் சரி. இதுல உள்ள பிள்ளை நீங்கதான்னு யார் சொல்றது? சொந்தக்காரர் சரிவராது. ஊர்க்காரர் ஒருத்தரைக் கூட்டிட்டு வாங்க.”

வெளியே வந்ததும் அம்மா வேகமாக நடந்தாள். அங்கேயும் அகதி, இங்கேயும் யாரோ என்றால் எங்கே போவது?

திடீரென்று நின்றாள். “சின்ன வயசுல எங்க பக்கத்து வீட்ல ஒரு சிங்களப் பிள்ள இருந்தா. வா பாப்போம்.”

கேட்டுக் கேட்டு மேட்டுப் பாதையில் ஏறி அவள் இப்போது இருக்கும் வீட்டைக் கண்டுபிடித்தோம். கதவைத் திறந்த பெண்ணுக்கு அம்மாவை அடையாளம் தெரியவில்லை. அம்மா அவர் முகத்தையே பார்த்துவிட்டுச் சிங்களத்தில் கேட்டாள்: “புருவத்துத் தழும்பு இன்னும் மாறலையா?”

அவர் கை புருவத்துக்குப் போனது. “அனே! நீயா?” என்று கத்திக்கொண்டே அம்மாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். தெருவில் மட்டையும் பந்துமாக எல்லே விளையாடியபோது அம்மா வீசிய மட்டை பட்ட காயமாம் அது.

மறுநாள் சாட்சி சொல்ல அந்தத் தோழி எங்களுக்கு முன்னாலேயே அலுவலகத்தில் வந்து உட்கார்ந்திருந்தார். “இவங்களை எப்படித் தெரியும்?” என்று கிராம சேவகர் கேட்டார். தோழி தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, புருவத்தைக் காட்டினார்.

“இது இவ அடிச்சது. மூணு தையல். மறப்பேனா?”

அம்மா வெட்கத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கிராம சேவகர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

அம்மாவின் அட்டை சில மாதங்களில் வந்தது. இந்தியாவில் பிறந்த எனக்குப் பிரஜாவுரிமைச் சான்றிதழ் கிடைக்க ஒன்றரை வருஷம் இழுத்தது. அதன் பிறகு அட்டையும் வந்து, பல்லேகலயில் ஒரு தையல் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் விடுமுறை நாளில் பக்கத்துத் திகன டவுனுக்குத் தனியாகப் பஸ் ஏறினேன். முகாமில் வாசல் தாண்டினால் பதிவேட்டில் எழுதவேண்டும், சாயங்காலத்துக்குள் திரும்பவேண்டும். அன்றைக்கு நான் எங்கே போகிறேன் என்று யாரும் கேட்கவில்லை. கடைகடையாக ஏறி இறங்கி, ஜன்னல் திரைக்கு நீலப் பூப்போட்ட துணி எடுத்துக்கொண்டு, இருட்டிய பிறகு ஆற அமர வீடு வந்து சேர்ந்தேன்.