வேலியோரம் கிடந்த செப்புத் தகடு

மல்வேர்னில் இரத்தினவேல் அண்ணையின் கராஜுக்குள் கார் நிற்க இடமில்லை. பென்ஷன் எடுத்த நாள் முதல், உலோகம் தேடும் மெசினோடு ஏரிக்கரையெல்லாம் திரிந்து அவர் பொறுக்கிவந்த துருப்பிடித்த சாமான்கள்தான் அங்கே குவிந்து கிடக்கின்றன. ஒவ்வொன்றையும் வினாகிரிக் காடியில் ஊறவைத்துத் தேய்த்து, குதிரை லாடமா, கதவுப் பிணைச்சலா என்று கண்டுபிடித்துவிடுவார்.

சென்ற சனிக்கிழமை மெசின் அவருடைய பின்வளவிலேயே கத்தியது. வேலியோரம் கிண்டினால், சுருட்டி நூல் கட்டிய, பச்சை பிடித்த செப்புத் தகடு! இதைக் கண்டுபிடிக்க வினாகிரி தேவைப்படவில்லை. செய்வினைதான். வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவன் றெமிஜியஸ். முதல்நாள்தான் சிரித்துச் சிரித்து கேக் கொண்டுவந்து தந்தான். அண்ணைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேக்கைத் தூக்கிக் குப்பையில் போட்டார்.

"சேர்ச்சுக்குப் போற வேதக்காரன் உது செய்வானே?" என்றார் மனைவி புனிதவதி.

"ஆள் வைச்சுச் செய்விச்சிருப்பான். இப்பவே போய்க் கேக்கிறன்."

அண்ணை சப்பாத்தைக் காலில் கொழுவ, புனிதவதி வாசலை மறித்தார்.

"நில்லுங்கோ. அதை நான்தான் தாட்டனான். உந்த மெசின் விசர் உங்களை விட்டுப் போகவேணுமெண்டு ஐயரைக் கொண்டு செய்விச்சது. கடைசியிலை அதையும் கிண்டி எடுத்துப்போட்டியள்!"