புகாரே வராத கட்டடம்

பல்கலைக்கழகத்தில் அவளை எல்லோரும் இயற்பியலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அதற்காக அவளிடம் போய்ப் புவியீர்ப்பைப் பற்றிக் கேட்டுவிடாதீர்கள், துடைப்பத்தோடு துரத்துவாள். பழைய இயற்பியல் கட்டடத்தைப் பெருக்குவது அவள் வேலை. அந்தக் கட்டடம் இல்லாமல் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது என்பதுதான் அதில் ஒரு சின்னச் சிக்கல்.

ஒரு கோடை விடுமுறையில் அதையும், பழைய விடுதியையும், உணவகத்தையும் ஒரே மூச்சில் இடித்துத் தள்ளினார்கள். அலுவலகப் பட்டியலில் மற்ற இரண்டையும் அடித்த புண்ணியவான் இதை மட்டும் விட்டுவிட்டார். அங்கே கட்டடத்துக்கு ஒரு ஆள் என்பது சட்டம். கட்டடம் போனால் ஆளும் போக வேண்டியதுதான். விடுதியைப் பெருக்கியவளும் உணவகத்தைப் பெருக்கியவளும் அழுதுகொண்டே வீட்டுக்குப் போனார்கள்.

"லிஸ்ட்ல கட்டடத்தோட பேர் இருக்கிற வரைக்கும் உனக்கு வேலை இருக்கு. வாயத் திறக்காம கையெழுத்துப் போடு" என்றார் மேற்பார்வையாளர்.

செய்யாத வேலைக்குக் கையெழுத்துப் போட அவளுக்குக் கை வரவில்லை. நேர்மை அவளுக்கு ஒரு வியாதி. அதனால் தினமும் காலையில் அந்த வெறும் மண்தரையை, வாசல் இருந்த இடத்தில் தொடங்கி அறை அறையாகப் பெருக்கினாள். குறுக்கே நடக்கும் மாணவர்களை, "வாசல் வழியா வாங்கப்பா, சுவத்துல பூந்து வராதீங்க" என்று அதட்டினாள். மிச்ச நேரத்தில் நூலகத்தில் போய்க் கூடமாட வேலை செய்தாள். தினசரி வேலையைக் குறிக்கும் நோட்டில், உள்ளதை உள்ளபடி எழுதினாள்: "கீழ்த்தளம் பெருக்கியாச்சு. மாடி காணோம்." மாதக் கடைசியில் மேற்பார்வையாளர் கையெழுத்துப் போடுவார், அதற்குக் கீழே பதிவாளர்.

வீட்டில் தையற்காரக் கணவன் விடுவானா? "ஏம்மா, இன்னிக்காவது மாடில ஒட்டடை அடிச்சியா?"

"ஏணி வாங்கிக் குடுங்க, அடிக்கிறேன்" என்பாள். வாய் சிரிக்கும், நினைப்பு அந்தப் பட்டியலிலேயே இருக்கும். யாராவது ஒருநாள் அதை ஒழுங்காகப் பார்த்தால் வேலை காலி.

அந்த நாள் பூச்செண்டோடு வந்தது. பதினோரு வருஷமாகக் கூரை ஒழுகுகிறது, விளக்கு எரியவில்லை என்று யாரும் சொல்லவில்லை, ஒரு புகார் கிடையாது. அதனால் சிறந்த பராமரிப்புப் பரிசு பழைய இயற்பியல் கட்டடத்துக்கே! பதிவாளரே புகைப்படக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். மேற்பார்வையாளருக்கு அன்று பார்த்துப் பல்வலி, விடுப்பு.

"கட்டடம் எங்கம்மா?"

"அதுக்குள்ளதான் சார் நிக்கிறீங்க."

பதிவாளர் சுற்றும் முற்றும் பார்த்தார். முகம் சிவந்தது. "இத்தனை வருஷமா எங்க எல்லாரையும் ஏமாத்திட்டிருக்கியா? நாளையிலேர்ந்து வராத."

அவளுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. ஓடிப்போய் நோட்டுகளை அள்ளிக்கொண்டு வந்து நீட்டினாள். அவர் புரட்டினார். மாடி காணோம். மாடி காணோம். மாடி இன்னும் காணோம். ஒவ்வொரு மாதக் கடைசியிலும் அவருடைய பச்சை மைக் கையெழுத்து, வளைவு நெளிவோடு, அத்தனை அழகாக. எட்டிப் பார்த்த புகைப்படக்காரர், விவரமான மனிதர், சட்டென்று வானத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

"நான் எதையும் மறைக்கல சார்" என்றாள். "யாராச்சும் கேப்பாங்க, வேலை போயிரும்னு பயந்துக்கிட்டேதான் எழுதினேன். ஒருத்தரும் கேக்கல. அப்புறம், யாராச்சும் கேக்க மாட்டாங்களான்னு இருந்துச்சு."

பதிவாளர் நோட்டை மூடினார். பையிலிருந்து தாள் எடுத்து, நின்றபடியே அவளை நூலகத்துக்கு மாற்றி உத்தரவு எழுதினார். கையெழுத்துப் போடப் போனவரை அவள் தடுத்தாள்.

"வாசிச்சுட்டுப் போடுங்க சார்."

பதிவாளர் அதைச் சத்தமாக, ஒரு வார்த்தை விடாமல் வாசித்தார். பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.